இடிகிற பாலத்தில் ரிவர்ஸ்

வாரம் முழுக்க லாரி ஓட்டுகிற மனுஷர் லீவு நாளில் எங்கே போவார்? மற்ற வீட்டு மனுஷர்கள் எங்கே போவார்களோ எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் லாரிப் படத்துக்குப் போவார்.

லாரிப் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கதாநாயகன் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் இன்னொரு கையால் வில்லனின் கழுத்தையும் பிடித்திருப்பான். டீசல் தீராது, டயர் பஞ்சர் ஆகாது, அவனுக்கு ஒன்றுக்குக்கூட வராது. ஆனால் கியரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பான். இருக்கிற கியரெல்லாம் தீர்ந்துபோய்ப் பக்கத்து லாரியில் இரவல் வாங்கினானோ என்று தோன்றும். கடைசியில் லாரி ஒரு கட்டடத்தைத் தாண்டிக் குதித்து இறங்கும், கண்ணாடியில் ஒரு கீறல் விழாது. எங்கள் லாரி வேகத்தடையில் ஏறி இறங்கினாலே ஏதாவது ஒரு போல்ட் கழன்று உருளும். இதையெல்லாம் நான் தியேட்டரிலேயே வாய்விட்டுச் சொல்வேன். மகள் என் தொடையில் கிள்ளுவாள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அவர் எதற்குமே ஒன்றும் சொல்ல மாட்டார். பத்து நாள் வெளியூர் போய்விட்டு வருவார். என்ன நடந்தது என்று கேட்டால், "வண்டி நின்னுச்சு" என்பார். அப்புறம் என்று கேட்டால், "ஓடிருச்சு" என்பார். அவ்வளவுதான். பத்து நாள் கதை முடிந்தது. என் அக்கா அவருக்கு ஊமைக் கோட்டான் என்று பெயர் வைத்திருந்தாள். கூட ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர் ரிவர்ஸ். எவ்வளவு குறுகலான சந்தாக இருந்தாலும் லாரியைப் பின்னாலேயே கொண்டுவந்து கச்சிதமாக நிறுத்திவிடுவார். அந்தப் பெயர்தான் நிலைத்தது. வங்கியில்கூட "ரிவர்ஸ் சார் வந்திருக்காரு" என்றுதான் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட மனுஷர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நீளமாகப் பேசினார். மகள் பிறந்தபோது.

பிரசவத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், குழந்தை பிறந்து மூன்றாம் நாள்தான் வந்தார். அப்போது எங்களிடம் போன் கிடையாது. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வலியில் நான் கத்தியதில் அவரைத் திட்டியதுதான் பாதி. "இந்த ஆளு சரிப்பட மாட்டாரு, நீ என் வீட்டுக்கு வந்துடு" என்றாள் அக்கா. நானும் சரி என்று பையைக் கட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். சும்மா மிரட்டலுக்கு இல்லை. அன்று சாயங்காலம் கிளம்பியிருப்பேன், திரும்பியும் வந்திருக்க மாட்டேன்.

மத்தியானம் வந்து நின்றார். தலையெல்லாம் புழுதி. கட்டில் கால்மாட்டில் நின்று பேச ஆரம்பித்தார்.

ஆற்றுப் பாலத்தில் பாதி தூரம் போயிருக்கிறார். முன்னால் பாலம் பொலபொலவென்று இடிந்து ஆற்றில் விழுகிறது. திருப்ப இடமில்லை. ரிவர்ஸ் எடுக்கிறார். லாரி பின்னால் போகப் போக, முன்சக்கரம் விட்ட இடமெல்லாம் இடிந்துகொண்டே துரத்தி வருகிறது. வழியில் ஓர் ஆடு, பயத்தில் அசையாமல் நிற்கிறது. கதவைத் திறந்து ஒரு கையால் அதைக் கேபினுக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டு, மறு கையால் ஸ்டியரிங்கை ஒடித்து, கரையில் பின்சக்கரம் ஏறுவதற்கும் பாலம் முழுவதும் ஆற்றுக்குள் போவதற்கும் சரியாக இருக்கிறது. அப்புறம் மலையைச் சுற்றி வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறார்.

"உன்னைத்தான் நெனச்சுக்கிட்டேன். வேற ஒண்ணும் தோணல" என்று முடித்தார்.

நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி அழுதாள். அக்காகூட மூக்கை உறிஞ்சினாள். பையைப் பிரித்துத் துணியை மறுபடி அடுக்கினேன். இருபத்து மூன்று வருஷக் குடித்தனம் அந்தப் பாலத்தின் மேல்தான் நின்றது.

அந்தக் கதையை அதற்குப் பிறகு அவர் அதிகம் சொன்னதில்லை. அவருக்கும் சேர்த்து நான் சொன்னேன். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் எனக்கு வேலை. டோக்கன் கொடுத்து, பயந்து நடுங்குகிறவர்களை உட்கார வைக்க வேண்டும். உள்ளே மெஷின் சத்தம் கேட்டதும் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் வாசலைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்தில் பாலத்தை எடுத்து விடுவேன். ஆட்டைத் தூக்கிப் போடுகிற இடத்தில் வீங்கின கன்னத்தோடு சிரிப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் சொத்தைப் பல் உள்ள அத்தனை பேருக்கும் என் வீட்டுக்காரரைத் தெரியும்.

போன மாதம் ஒரு புது லாரிப் படம் வந்தது. மகள் டிக்கெட் எடுத்தாள். மூன்று பேரும் போனோம்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கதாநாயகன் ஒரு பாலத்தில் ஏறினான். முன்னால் பாலம் இடிந்தது. ரிவர்ஸ் எடுத்தான்.

"அம்மா!" என்று மகள் என் கையைப் பிடித்தாள். ஆடு இல்லை, கொட்டுகிற மழை இருந்தது. மற்றபடி அப்படியே எங்கள் பாலம். கரையில் பின்சக்கரம் ஏறியதும் கதாநாயகன் சொன்னான்: "உன்னைத்தான் நெனச்சுக்கிட்டேன். வேற ஒண்ணும் தோணல." தியேட்டரே எழுந்து விசிலடித்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால், இவர் சீட்டின் நுனிக்கு வந்து, பாப்கார்ன் பொட்டலத்தை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்க்கவில்லை. விசிலடிக்கிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை வெச்சிருக்காங்க. எனக்குத் தோணாமப் போச்சு" என்று முணுமுணுத்தார்.

அழுகிற அவசரத்தில் அது எனக்குக் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை வைத்தேன். யாரிடம் சொன்னீர்கள்? கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "ஒரு தம்பி" என்றார். எப்போது? "பஸ் கிடைக்கலைன்னு ஏறுச்சு." சினிமாக்காரனா? "நோட்டு வெச்சிருந்துச்சு." இதைக் கறப்பதற்குள் எனக்குப் பசி வந்துவிட்டது.

மறுநாள்தான் வினை ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல்காரர் ஒருவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் ஆரம்பித்தேன். பாலம் இடிவதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

"அக்கா, நானும் அந்தப் படத்தைப் பாத்துட்டேன். ஹீரோ பண்ணினதைத் தூக்கி உங்க வீட்டுக்காரர் தலையில வெக்கிறீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து பல் டாக்டர் தலையை நீட்டி, "இத்தனை வருஷமா நம்ம காதுல நல்லா பூ சுத்தியிருக்கீங்க" என்றார். படம் வந்தது நேற்று, நான் சொல்வது இருபது வருஷமாக! யார் காதில் ஏறும்? அன்று முழுக்க டோக்கனை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. புருஷனைப் பொய்யன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைப் பொய்க்காரி என்று சொல்ல இவர்கள் யார்?

மகளிடம் சொன்னேன். அவள் போனைத் தட்டிப் பட ஆபீஸைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டாள். கதாசிரியரே வரச் சொன்னாராம். படத்தை டிவிக்குக் கொடுக்கிறார்களாம், ஆரம்பத்தில் வருகிற எழுத்துக்களை அதற்குள் மாற்ற முடியுமாம்.

"உண்மைச் சம்பவம்னு போடச் சொல்லும்மா. அது போதும். ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான்" என்றாள்.

அதேதான் எனக்கும் வேண்டியிருந்தது. இவர்தான் கால் வலிக்கிறது, லோடு இருக்கிறது என்று நெளிந்தார்.

"நீங்க கதையெல்லாம் சொல்ல வேணாம். நடந்ததுதான்னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்குக்கூடவா வாய் வலிக்கும்?"

"சரி" என்றார்.

கிடங்கில் சரக்கை இறக்கிவிட்டு நேராகப் போனதால் நாங்கள் இரண்டு பேரும் லாரியிலேயே போனோம். சினிமா ஆபீஸுக்கு லாரியில் போன பொம்பளை நானாகத்தான் இருப்பேன். ஆபீஸ் ஒரு குடியிருப்புத் தெருவின் கோடியில் இருந்தது. அதற்கு மேல் வழியில்லை, சுவர். இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. இவர் அசராமல் உள்ளே நுழைத்து ஆபீஸ் வாசலில் நிறுத்தினார்.

நான் நல்ல சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் பண்ணியிருந்தேன். கதவைத் திறந்த கதாசிரியர், "ரிவர்ஸண்ணே!" என்று கத்திக்கொண்டே இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க பேரே எனக்குத் தெரியாதுண்ணே. எல்லா லாரி ஷெட்லயும் தேடினேன். ரிவர்ஸ்னு சொன்னா, எந்த வண்டிக்குன்னு கேக்குறான்!"

சண்டைக்கு வந்த இடத்தில் இப்படிப் பண்ணினால் நான் என்ன செய்வது? போனால் போகிறது என்று உட்கார்ந்தேன்.

சின்ன அறை. சுவர் முழுக்கப் படத்தின் போஸ்டர்கள், ஒவ்வொன்றிலும் அந்தப் பாலம். டீ வந்தது. கதாசிரியர் நாற்காலியை இவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாலம் சீன்ல நான் சேர்த்தது மழை மட்டும்தாண்ணே. மத்ததெல்லாம் நீங்க சொன்னதுதான்."

"மழை நல்லா இருந்துச்சு தம்பி" என்றார் இவர். அப்புறம் நான் கனவிலும் எதிர்பார்க்காதது நடந்தது. தொடர்ந்து பேசினார். "வைப்பர் நின்னு போகுது பாருங்க, அந்த இடம் நல்லா இருந்துச்சு. பின்னாடி பாக்கறவனுக்கு முன்னாடியும் தெரியாமப் போகுது. ஆனா ஆட்டை ஏன் எடுத்துட்டீங்க?"

"ஆடு வந்தா ஜனங்க ஆட்டைத்தாண்ணே பாப்பாங்க. டென்ஷன் போயிடும்."

"வாஸ்தவம்தான். எனக்கே அது இருந்துச்சு. அடுத்த தடவை சொல்லும்போது எடுத்துடலாம்னு பார்த்தேன். இவளுக்கு ஆடு பிடிச்சுப் போச்சு, விட்டுட்டேன்."

"கடைசி வசனத்தை மட்டும் தொடலண்ணே."

"அதைத் தொடக் கூடாது" என்றார் இவர், ரொம்பக் கண்டிப்பாக.

டீ டம்ளர் என் கையிலேயே நின்றுவிட்டது. இவளுக்கு ஆடு பிடிச்சுப் போச்சாம். எடுத்துடலாம்னு பார்த்தாராம். நடந்த விஷயத்திலிருந்து ஆட்டை எப்படி எடுப்பது? மழையை எப்படி வைப்பது? தியேட்டரில் காதில் விழுந்தது இப்போது மண்டையில் ஏறியது. இந்த மனுஷர் நடந்த எதையும் இரண்டு வார்த்தைக்கு மேல் சொன்னதில்லையே! வண்டி நின்னுச்சு, ஓடிருச்சு. இது மட்டும் எப்படி இவ்வளவு நீளம் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது எனக்கு உறைத்ததா? அடப்பாவி மனுஷா. பையைப் பிரிக்க வைத்தாயே. காது இரண்டும் சூடாகிவிட்டன. எழுந்து அந்த டீயை அவர் தலையில் ஊற்றலாமா என்றுகூட நினைத்தேன்.

இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை. லாரி கவிழாமல் எவ்வளவு வேகத்தில் ஒடிக்கலாம் என்று பேப்பர்வெயிட்டை மேஜையில் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார் இவர். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில்கூட அது இல்லை.

கதாசிரியர் தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம் கேக்கணும்ண்ணே. நடந்ததுன்னு நெனச்சுதான் நான் எடுத்தேன். நடந்ததுன்னா, 'உண்மைச் சம்பவம்'னு போட்டு, நன்றின்னு உங்க பேரையும் போட்டுடறோம். படத்துக்கும் பெருமைதான். ஆனா ஒருவேளை நீங்களா யோசிச்சுச் சொன்னதா இருந்தா, அது உங்க கதை. என் பேரை எடுத்துட்டு, 'கதை'ன்னு உங்க பேரைத்தான் போடணும். தனியா, பெருசா, படம் ஆரம்பிக்கும்போதே. இதுல நான் ஏமாத்த மாட்டேன். சொல்லுங்க, எது?"

இவர் பேப்பர்வெயிட்டை மேஜையில் வைத்தார். போஸ்டரை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்தக் கடைத்தெருவிலும் எந்தப் பொருளின் மேலும் அவரிடம் பார்த்ததில்லை. ஆசையே படாத மனுஷர் ஆசைப்பட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது.

"நடந்ததுதான்" என்றார்.

நான் கேட்டுக்கொண்ட ஒரே வார்த்தை. அப்படியே சொல்லிவிட்டார். இனி கடைவாய்ப் பல்காரர் வாயை மூடிக்கொள்வார், பல் டாக்டர் மன்னிப்புக் கேட்பார், என் குடித்தனம் டிவியிலேயே உண்மை என்று எழுத்தில் வந்துவிடும். வேண்டியதெல்லாம் கிடைத்தாயிற்று. பேசாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்திருக்கலாம்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய்" என்றேன்.

கதாசிரியர் திடுக்கிட்டார். இவர் முகம் வெளுத்துவிட்டது.

"முழுப் பொய் தம்பி. பாலமும் கிடையாது, ஆறும் கிடையாது. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் இவரு அளந்து விட்டது. எல்லாம் இவரு மண்டையில உதிச்சது. யாருகிட்டயும் கேட்டதில்ல, எங்கயும் பாத்ததில்ல. இருபத்து மூணு வருஷம் என்னையே நம்ப வெச்சிருக்காருன்னா பாத்துக்குங்க, எப்பேர்ப்பட்ட கதைக்காரர்னு! கதைன்னு இவரு பேரைப் போடுங்க. பெருசாப் போடுங்க."

"அக்கா, நெஜமாவா?"

"என் புருஷன் பொய் சொன்னாருன்னு நான் சொல்றேன். இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

கதாசிரியர் எழுந்து வந்து இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்து லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் வந்து ஏறினார். சாவியைப் போட்டார், திருகவில்லை. கைக்குட்டையை எடுத்து, சுத்தமாக இருந்த டாஷ்போர்டைத் துடைத்தார். நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் கேட்டுவிட வேண்டும்.

"எங்க இருந்தீங்க?"

"வரிசைல."

"எந்த வரிசை?"

"சரக்கு எறக்கற வரிசை. கிடங்கு வாசல்ல."

வழக்கமான இரண்டு வார்த்தை. அப்படியென்றால் இது உண்மை.

"மூணு நாளுமா?"

"எறக்கற மெஷின் ரிப்பேர். வரிசை நகரல. எறங்கி பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். வண்டி நகருதுன்னு கத்துவாங்க. ஓடி வந்து நகர்த்துவேன். மறுபடி நின்னுடும். மறுபடி போவேன். மறுபடி கத்துவாங்க." நிறுத்தினார். "நீ அங்க உயிரை விட்டுக்கிட்டு இருக்கே. நான் வரிசைல நின்னேன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன்.

"ரிவர்ஸ் எடுத்தே உன்கிட்ட வந்துடலாம்னு தோணுச்சு. கண்ணாடியைப் பார்ப்பேன். பின்னாடி பூரா லாரி, கண்ணுக்கு எட்டுற வரைக்கும். அதுல உட்கார்ந்துக்கிட்டு, இப்படி எடுத்தா, அப்படி ஒடிச்சா எப்படின்னு நெனச்சு நெனச்சுப் பார்த்ததுதான்..." கையை மட்டும் ஆட்டினார். பாலம் என்ற வார்த்தை அவருக்கு வரவில்லை.

டிக்கெட் வாங்காமல் ஒரு சினிமா பார்த்திருக்கிறார் மனுஷர், மூன்று நாள், தனியாக. அதில் ஓடி வந்து சேர்கிற இடம் நான். மூக்கைச் சிந்தினேன்.

"ஆடு கூடவா பொய்?" என்றேன். இருக்கிற வருத்தத்தில் அதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

"ஆடு நெஜம்" என்றார் உடனே. "முன்னாடி லாரில டிரைவரு ஒரு ஆட்டைக் கட்டி வெச்சிருந்தாரு. மூணு நாளும் அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வருவது மாதிரி எரிச்சல் உலகத்தில் வேறில்லை. அவர் தோளில் நன்றாக ஓர் அடி வைத்தேன். வாங்கிக்கொண்டார்.

சாவியைத் திருகினார். முன்னால் சுவர். பின்னால் போனால்தான் தெருவை விட்டு வெளியே போக முடியும். கண்ணாடியைச் சரி செய்ய அவர் கை நீட்டினார்.

"இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினேன். இத்தனை வருஷத்தில் அந்த லாரிக்கு நான் வழி காட்டியதில்லை. அவருக்கும் யாரும் காட்டத் தேவையிருந்ததில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்கம் போய், தெருமுனை வரைக்கும் ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். பிறகு லாரியின் பின்பலகையைக் கையால் தட்டினேன்.

"வாங்க!" என்று அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "பின்னாடி ஒரு வண்டியும் இல்ல! வரலாம், வாங்க!"